மாதா தந்த கடையும் டைவர்ஷன் போர்டும்

என்னை முதலாளி ஆக்கியது ஒரு டைவர்ஷன் போர்டு. மஞ்சள் தகரம், அதில் கறுப்பில் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்கு முன்னால் மேம்பாலம் கட்டத் தொடங்கியபோது அதைக் கொண்டுவந்து நட்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்புதான் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கொட்டகையில் நான் டீக்கடை போட்டிருந்தேன். அந்த இடத்தை வேறு யாரும் கேட்கவில்லை, அதனால் எனக்குக் கிடைத்தது. நாய்கூட அந்தப் பக்கம் வேலை இருந்தால்தான் வரும்.

அம்புக்குறி என் கடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மறுநாளிலிருந்து பஸ், லாரி, புதுச்சேரிக்கு உல்லாசமாகப் போகிற கார் எல்லாம் என் வாசல் வழியாக மண்பாதையில் ஊர்ந்தன. மழை பெய்தால் ஊர்வதும் இல்லை, நின்றுவிடும். நின்ற வண்டியில் இருக்கிறவனுக்குப் பசிக்கும். என் போண்டா நன்றாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. வண்டி நகராத இடத்தில் போண்டா நன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரே வருடத்தில் கொட்டகை போய்த் தகரக் கூரை வந்தது. டீ மாஸ்டர் ஒருவர் வந்தார். மதியத்தில் பிரியாணி வந்தது. பழைய கார் ஒன்றும் வந்தது. பெயர்ப்பலகைக்காகத் திண்டிவனத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ணா, மேல எந்த சாமி?" என்றார், பலகைக்கு என்ன நிறம் என்று கேட்கிற மாதிரி. எங்கள் வீட்டில் தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். "மாதா" என்றேன். மற்றதெல்லாம் அவரே போட்டுக்கொண்டார். பெரிய மாதா படம், நீலத்தில் ஒளி, கீழே 'மாதா தந்த உணவகம்'. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

இப்போது ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பலகை எங்கள் ஊரில் செய்த வேலை புரியாது.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முகையூர்ப் பக்கம் எங்கள் ஊர். எந்த வேலையிலும் ஒரு வருடம் தாங்கியதில்லை. லாரி கிளீனர், செங்கல் சூளை, ஆந்திராவில் தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டி, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டாக் கடை. அந்தப் பரோட்டாக் கடையில் எண்ணெய் கொட்டி வலது கை வெந்துபோனது. கை இல்லாதவன் மாவு பிசைய முடியாது என்பதால் அனுப்பிவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். இரண்டு நாள் விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு வெளியே தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தேன்.

அது ஆகஸ்ட் கடைசி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிற சமயம். ஒரு கூட்டம் மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டது. ஓர் அம்மா என் நல்ல கையில் ஒரு பொட்டலத்தை வைத்து, "தம்பி எந்த ஊரு குரூப்பு?" என்றார். "முன்னால போய்க்கினு இருக்காங்க" என்றேன். சாப்பிட்டேன். அடுத்த ஊரில் மதியம் சாம்பார் சாதம் என்று பேசிக்கொண்டார்கள். எழுந்து பின்னாலேயே நடந்தேன்.

நான்கு நாள் நடந்தேன். காலையில் பொங்கல், வழியெல்லாம் மோர்ப் பந்தல், மதியம் சாதம், சாயங்காலம் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடக்கூட ஆள் இருந்தது. யாரோ ஒரு காவித் துண்டு கொடுத்தார்கள். நான் அதுவரை அப்படி வேளாவேளைக்குச் சாப்பிட்டதில்லை. மற்றவர்கள் ஜெபமாலை சொன்னபோது நான் வாயை அசைத்தேன். மனசுக்குள், அடுத்த பந்தல் எவ்வளவு தூரம் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடத்தில் ஒருவர் இறால் பண்ணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கையும் கொஞ்சம் ஆறியிருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டேன். வேளாங்கண்ணியை நான் பார்க்கவே இல்லை.

ஆனால் வழியில், வேறொரு கூட்டத்தில் போன எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி என்னைக் காவித் துண்டோடு பார்த்துக் கையசைத்திருந்தாள். ஊருக்கு அது போதும். ஆறு வருடம் கழித்துக் கடையும் காரும் வந்ததும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். "நடந்தான், மாதா குடுத்தா."

அந்த வருடம் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கொடி என் உபயம். கொடியேற்றத்தின்போது பங்குத்தந்தைக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்கள். பொன்னாடை போட்டார்கள். ஒலிபெருக்கியில், கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார், "வேளாங்கண்ணிக்கு நடந்தே சென்று தாயின் ஆசீரை அபரிமிதமாகப் பெற்ற நம் ஊர்ப் பிள்ளை" என்றார். மைக் என்னிடமிருந்து ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது. வாங்கி, "கொள்ளிடத்தோடு நின்னுட்டேங்க" என்று சொல்லியிருக்கலாம். கும்பிட்டேன். ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டல் நல்ல பிரியாணி மாதிரி. ஒரு தட்டு சாப்பிட்டால் இன்னொரு தட்டு கேட்கும்.

போகப்போக நானே நம்பத் தொடங்கினேன். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, நிற்கிற லாரி டிரைவர்களுக்கெல்லாம் விசுவாசத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகவில்லை. புதுச்சேரிக் கார்கள் அதிகம் வருவது ஞாயிற்றுக்கிழமைதானே.

இதற்கெல்லாம் நடுவில் என் அக்கா இருந்தாள்.

அக்கா ஊரைவிட்டுப் போனதில்லை. அவள் கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து மெதுவாக நடக்கிறார், மெதுவாகவே வேலை செய்கிறார். கொஞ்சம் நிலம். அதில் போட்ட போரில் தண்ணீர் வரவில்லை, புகைதான் வந்தது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையைப் போட்டால் காட்டுப்பன்றி முதலில் வந்து அறுவடை பண்ணிவிடும். இத்தனைக்கும் கோயிலைச் சனிக்கிழமைதோறும் பெருக்கிக் கழுவுகிறவள் அவள்தான். பீடத்து வெள்ளைத் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கஞ்சி போட்டு, தேய்த்து, தலையில் வைத்துக் கொண்டுவருவாள். எல்லா நவநாள் ஜெபமும் மனப்பாடம். துக்க வீட்டில் ஜெபம் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் அவள் இரண்டு பஸ் மாறி என் கடைக்கு வந்தாள். கையில் வறுத்த மல்லாட்டைப் பை. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"டேய், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ நடக்கறப்போ என்னா சொல்லிக்கினு போன?"

"எங்க நடக்கறப்போ?"

"வேளாங்கண்ணிக்குத்தான். எந்த ஜெபம்? தெனம் எத்தினி ஜெபமாலை?"

டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே காதை இந்தப் பக்கம் திருப்பினார். எந்த ஜெபமும் சொல்லவில்லை என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

"நாலு" என்றேன்.

"நான் அஞ்சு சொல்றேன்டா." அவள் மல்லாட்டைத் தோலைக் கொஞ்ச நேரம் விரலால் நொறுக்கினாள். "அப்போ நடக்காததுதான் கொறையா இருக்கும்."

"என்னாக்கா கொறை? யாரு சொன்னா?"

"கொழாயடியில சொல்றாளுங்க. எத்தினி ஜெபம் பண்ணி என்னா, அவ வீட்ல எங்கியோ ஒரு கொறை இருக்கு, தம்பிக்குக் குடுத்த மாதா இவளுக்கு ஏன் குடுக்கலன்னு. சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். எனக்குத் தண்ணியும் வேணாம், காரும் வேணாம். மாதா என்னைப் பாக்கறாளா இல்லியான்னு தெரியணும். பாக்கவே இல்லன்னா, இம்மாம் வருசமா நான் யாருகிட்ட பேசிக்கினு இருந்தேன்?"

அவள் அழவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிறவள் முகம் மாதிரி இருந்தது. நான் பிரியாணி வைக்கச் சொன்னேன். அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே பதில் பிரியாணிதான்.

அடுத்த மாதம் மேம்பாலம் திறந்தார்கள். மாலை, ரிப்பன், மேளம் எல்லாம் முடிந்ததும் இரண்டு ஆட்கள் வந்து மஞ்சள் போர்டைப் பிடுங்கி லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். அரைமணி நேரத்தில் என் வாசல் பழையபடி ஆனது. நானும் டீ மாஸ்டரும் வெளியே நின்று, தலைக்கு மேலே சர் சர்ரென்று பறக்கும் வண்டிகளை அண்ணாந்து பார்த்தோம். அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மொதலாளி, மாதா மேம்பாலத்துல போய்ட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும்தான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது. அவரைச் சமாளிக்க முடிந்தவரை வைத்திருந்து, பிறகு வேறு கடைக்குச் சொல்லி அனுப்பினேன். காரையும் விற்றுவிட்டேன். அலைந்து பழகியவனுக்கு இதெல்லாம் புதிது இல்லை. ஊருக்குப் புதிதாக இருந்தது. முன்பு கைதட்டியவர்களே இப்போது, "என்னா பாவம் பண்ணானோ, மாதா குடுத்ததத் திருப்பி எடுத்துக்கினா" என்றார்கள். தார் ரோட்டுக்காரர்கள் பாலம் கட்டி முடித்ததற்கு நான் என்ன பாவம் பண்ண முடியும்?

ஆகஸ்ட் பாதியில் அக்கா போன் பண்ணினாள். "பேரு குடுத்துட்டேன்டா. நடக்கப் போறேன்."

அவள் முட்டி தேய்ந்துபோனது. படி ஏறாதே என்று விழுப்புரத்தில் டாக்டர் சொல்லியிருந்தார். கோயிலில் மண்டியிட முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள், வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறாளாம். நான் சொன்ன நாலு ஜெபமாலையை நம்பி.

"பஸ்ல போக்கா. நானே டிக்கெட் எடுக்கறேன்."

"பஸ்ல போனவனுக்கா குடுத்தா? நடந்தவனுக்குத்தானே குடுத்தா?"

போனில் சொல்ல வாய் வரவில்லை. முட்டிக்குப் போடுகிற உறை ஒன்று வாங்கி அனுப்பினேன். அதைப் போட்டால் மாதாவை ஏமாற்றுகிற மாதிரி இருக்கும் என்று கணவர் முட்டியில் போட்டுவிட்டாள். சரி, நேரில் சொல்லிவிடலாம் என்று அவர்கள் கிளம்புகிற நாள் காலையில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பூசை முடிந்திருந்தது. எல்லாரும் செருப்பில்லாமல் வரிசையாக நின்றார்கள். பங்குத்தந்தை அவர்கள் கால்களில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு குசுகுசுப்பு. பின்னாலிருந்து ஒருவர், "போன வாட்டி வாங்கினத தொலைச்சிட்டு மறுக்கா கேக்க வந்துட்டான்" என்றார். சிரித்தார்கள். அக்கா காவிப் புடவையில், புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து அங்கே என்ன சொல்வது? வரிசையில் நானும் நின்றேன். என் காலிலும் தீர்த்தம் விழுந்தது.

சிறிய தேரில் மாதா முன்னால். பின்னால் ஒரு வேனில் அரிசி, பாத்திரம், ஒலிபெருக்கி. நாங்கள் நடுவில். முதல் ஒரு மணி நேரம் அக்கா ஜெபமாலையை முன்னெடுத்துச் சொல்லிக்கொண்டு ஜோராக நடந்தாள். இரண்டாவது மணியில் இடது காலை இழுக்கத் தொடங்கினாள். மூன்றாவது மணியில் வாயில் ஜெபம் இருந்தது, முகத்தில் வலி இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்தாள். அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டு வர முடியவில்லை.

"அக்கா, நான் வேளாங்கண்ணிக்குப் போகவே இல்ல."

அவள் ஜெபமாலை மணியை உருட்டுவதை நிறுத்தவில்லை. "என்னாது?"

"கொள்ளிடத்தோட எறா பண்ணைக்குப் போய்ட்டேன். ஜெபமும் சொல்லல. கை வெந்து, சோறு இல்லாம கெடந்தேன். சோறு போட்டாங்க, பின்னாடியே போனேன். நாலு ஜெபமாலைன்னது பொய்."

அவள் நின்றாள். கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது.

"ஒண்ணுகூட சொல்லல?"

"வாய அசைச்சேன்."

"கடை?"

"ரோட்டுக்காரன் போர்டு நட்டான், கடை ஓடிச்சு. பிடுங்கினான், நின்னுது."

"ஞாயித்துக்கெழம பூசை?"

"ரெண்டு வருசமா போகல."

"அடப் பேமானி!" என்றாள். காவி உடுத்திக்கொண்டு சொல்லக்கூடாத இன்னும் இரண்டு வார்த்தையும் சொன்னாள். பிறகு முன்பைவிட வேகமாக நொண்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் மோர்ப் பந்தல். அக்கா இரண்டு டம்ளர் வாங்கினாள். ஒன்றை என் கையில் வைத்தாள்.

"இந்தா, குடி. இதுக்குத்தானே நடந்த?"

"பொங்கலுக்கும்" என்றேன்.

அவள் வாயில் இருந்த மோர் மூக்கு வழியாக வந்துவிட்டது. சிரிப்பு அடங்கவே இல்லை. பந்தல்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னாள்:

"அப்போ உனக்கு அவ காசு பணம்னு ஒண்ணும் குடுக்கல. எங்கிட்டருந்து ஒண்ணும் புடுங்கவும் இல்ல."

தேர் போன திசையைப் பார்த்தாள். "பசிச்சவனுக்குச் சோறு மட்டும் போட்டிருக்கா. எழுந்திரு, ஜல்தி. குரூப்பு போய்டும்."

"திரும்பிப் போலாம்க்கா."

"எதுக்கு? கேக்கறதுக்குன்னு கெளம்புனேன். இப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம்."

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது முட்டி பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மறுநாளிலிருந்து அக்கா பாத்திரங்களோடு வேனில் ஏறிக்கொண்டாள். அவள் கையில் ஒலிபெருக்கி கிடைத்தது. அது யாருக்கும் நல்லதாகப் போகவில்லை. நாள் முழுக்கப் பாட்டு, ஜெபம், நடுநடுவே, "பின்னால வர்ற நீலத் துண்டு, ஆடி அசைஞ்சி வராதீங்க" என்று அறிவிப்பு. தேர் இழுக்கிற ஆட்களில் ஒருவருக்குக் கால் புண்ணாகிவிட்டதால் அந்தக் கயிறு என்னிடம் வந்தது.

கொள்ளிடம் வந்தது. இறால் பண்ணைக்குப் பிரிகிற பாதை அப்படியே இருந்தது, அந்த வாடையும் அப்படியே. என்னையறியாமல் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், வேன் ஒலிபெருக்கி முழங்கியது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! என் தம்பி போன வாட்டி இந்த எடத்துலதான் ஓடிப்போனான்! வேளாங்கண்ணிக்குப் போகவே இல்ல! மோருக்கு நடந்தவன்! கயித்தைக் கெட்டியா புடிச்சிக்கச் சொல்லுங்க!"

ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் முழித்தார்கள். பிறகு ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும். கொடியேற்றத்தில் என்னைப் புகழ்ந்த உபதேசியார் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் இருமினார். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் பொன்னாடை போட்ட நாளைவிட உடம்பு லேசாக இருந்தது. அன்றிலிருந்து வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை, வழியில் பந்தல் வந்தாலே, "அவருக்கு மொதல்ல குடுங்கப்பா" என்று என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

வேளாங்கண்ணியில் அக்கா மாதாவுக்கு எதிரில் ஓர் ஓரமாக, காலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "என்னா பேசின?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. நான் உக்காந்துக்கினு இருந்தேன், அவ நின்னுக்கினு இருந்தா. நல்லா இருந்துச்சி."

இப்போது உளுந்தூர்பேட்டைப் பக்கம் இன்னொரு பாலம் கட்டுகிறார்கள் என்று பழைய டீ மாஸ்டர் தகவல் சொல்லி, இருவரும் சேர்ந்து கடை போட்டிருக்கிறோம். அதே ஃப்ளெக்ஸ்காரரிடம் போனேன். "ணா, மேல எந்த சாமி?" என்றார். "ஒரு அம்புக்குறி போடுங்க, போதும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையை மாஸ்டர் பார்த்துக்கொள்கிறார். மத்தியானத்துக்குள் நான் வந்துவிடுவேன். பெரும்பாலான வாரம்.

அக்கா வீட்டுப் போரில் இன்னும் புகைதான். போன சனிக்கிழமை நான் ஊரில் இருந்தேன். அவள் பீடத்துத் துணியை அலசக் குழாயடிக்குப் போனாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அங்கே நின்றிருந்த ஒருத்தி நாக்கைச் சுழற்றிக்கொண்டு கேட்டாள், "ஏங்க்கா, வேளாங்கண்ணி போய்ட்டு வந்தீங்களே, என்னா கெடச்சிது?"

"முட்டி வீக்கம்" என்றாள் அக்கா. குழாயைத் திறந்து, வெள்ளைத் துணியை உதறி விரித்து, பாடிக்கொண்டே அலச ஆரம்பித்தாள்.